அப்பாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஏன் அடைமொழிதான் வருகிறது?

எனக்கு வந்த கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பா இறந்து மூன்று மாதம் ஆகிறது. சும்மா உட்காரத் தெரியாத மனிதர். படம் வரைவார், மரவேலை செய்வார், பேரப்பிள்ளைகளுக்குப் பொம்மையும் கதையும் கட்டிக் கொடுப்பார். அவருடைய வாழ்க்கையை ஒரு சிறு தொகுப்பாகச் செய்து வைக்கக் குடும்பம் நினைக்கிறது. ஆனால் எழுத உட்கார்ந்தால் "அன்பானவர், உழைப்பாளி, கலைஞர்" என்ற மூன்று சொல்லுக்கு மேல் பேனா நகரவில்லை. அறை நிறையச் சாமான்கள். பேரப்பிள்ளைகள் இருவர், ஒன்றுக்கு ஏழு வயது, இன்னொன்றுக்கு நாலு. முடிக்காமல் விட்ட நாற்காலி ஒன்று சுவரோரம் நிற்கிறது. எங்கே தொடங்குவது, அந்த நாற்காலியை என்ன செய்வது?

வயதானவர்களின் வாழ்க்கைக் கதையைக் கேட்டுப் பதிவு செய்யும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். என் அப்பாவுக்கும் செய்தேன். அதில் செய்த தப்புகளையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், அந்த மூன்று சொல்லோடு நின்றுபோனதற்காக வருத்தப்பட வேண்டாம். எல்லோருக்கும் அப்படித்தான் ஆகிறது. "என் அப்பா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் மனசு ஒரு தீர்ப்பைத்தான் தரும். அந்தத் தீர்ப்பு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதில் உங்கள் அப்பா இருக்க மாட்டார், யாருடைய அப்பாவும் இருக்கலாம். கேள்வியை மாற்றிப் பாருங்கள். "அப்பா ஒரு வேலையை எப்படித் தொடங்குவார்?" பென்சிலை எதனால் சீவுவார், சீவிய தூளை என்ன செய்வார், முதல் கோட்டைப் போடுவதற்கு முன் எவ்வளவு நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பார், தப்பானால் திட்டுவாரா, சிரிப்பாரா, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மறைப்பாரா? இதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் நிறுத்த முடியாது.

கையால் எதையாவது படைத்தவர்களைப் பொறுத்தவரை நான் கண்டது இதுதான். செய்த பொருள் தங்கிவிடுகிறது, செய்த விதம்தான் முதலில் போய்விடுகிறது. நாற்காலி ஐம்பது வருடம் நிற்கும். நாற்காலியைத் திருப்பி வைத்து, ஒற்றைக் கண்ணை மூடி, கால்கள் நேராக இருக்கின்றனவா என்று அவர் பார்த்த விதம் பார்த்தவர்களின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. அதை எடுப்பதுதான் உங்கள் வேலையில் பாதி. படங்களை ஸ்கேன் செய்வது, ஆல்பம் ஒட்டுவது எல்லாம் அடுத்த வருடமும் செய்யலாம்.

யாரிடம் முதலில் எடுப்பது? அம்மாவிடம், பெரியப்பாவிடம் என்றுதான் எல்லோரும் போவார்கள். நான் குழந்தைகளிடம் போகச் சொல்வேன். காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் பெட்ரீசியா பாவர், மரீனா லார்கினா என்ற இரண்டு ஆய்வாளர்கள், மூன்று வயதுக் குழந்தைகள் அண்மையில் நடந்தவற்றைப் பற்றித் தங்கள் தாயோடு பேசியதைப் பதிவு செய்தார்கள். பின்பு அதே குழந்தைகளிடம், சிலரிடம் ஐந்து வயதில், சிலரிடம் ஆறில், இப்படி ஒன்பது வயது வரை, அதே சம்பவங்களைக் கேட்டார்கள். ஐந்து முதல் ஏழு வயதுவரை உள்ளவர்கள் 60 சதவீதத்துக்கும் மேல் நினைவு வைத்திருந்தார்கள். எட்டு, ஒன்பது வயதில் அது 40 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. 2014-இல் வெளிவந்த ஆய்வு இது. உங்கள் வீட்டில் ஒன்றுக்கு ஏழு, ஒன்றுக்கு நாலு. மூத்தது சரிவின் விளிம்பில் நிற்கிறது. இளையது இன்று சொல்வதை இன்னும் நாலைந்து வருடத்தில் அதுவே "நான் சொன்னேனா?" என்று கேட்கும்.

அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் உண்டு. பேச்சைத் தாங்களே இழுத்துப் போகாமல் "இன்னும் சொல்லு", "அப்புறம் என்ன ஆச்சு?" என்று குழந்தையின் கையில் விட்ட தாய்மார்களின் பிள்ளைகள் பின்னாளில் கூடுதல் விவரத்தோடு நினைவுகூர்ந்தார்கள். ஆகவே "தாத்தா உன்மேல ரொம்பப் பாசமா இருந்தாரு இல்ல?" என்று கேட்காதீர்கள். அது தலையை ஆட்டத்தான் வைக்கும். தாத்தா செய்து கொடுத்த பொம்மை ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு, போனில் பதிவை ஓட விட்டு, சும்மா இருங்கள். குழந்தையின் கை எங்கே போகிறதோ அங்கேதான் கதை இருக்கும்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அப்பா என் மகளுக்கு ஒரு குட்டி ஸ்டூல் செய்தார். அவர் போன பிறகு அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் ஸ்டூலின் கோட்டுப்படம், ஓரத்தில் மூன்று எண்கள்: 29, 2, 27. வேறொன்றும் இல்லை. பலகையின் கனம் 2 செ.மீ., கால் 27 செ.மீ. என்று புரிந்தது. கூட்டினால் 29 வருகிறது, சரி, ஆனால் உட்காரும் உயரத்துக்கு 29 எதற்கு, 30 என்று வைத்திருக்கலாமே என்று யோசித்து விட்டுவிட்டேன். சில நாள் கழித்து, அப்போது ஆறு வயதான மகளிடம் அந்த ஸ்டூலைக் காட்டிப் பேசச் சொன்னேன். "தாத்தா என் கால்ல பென்சிலால கோடு போட்டாரு. கூசுச்சு. அழிக்கக் கூடாதுன்னாரு, நான் குளிக்கும்போது அழிஞ்சு போச்சு" என்றாள். நிற்க வைத்து, முட்டிக்குக் கீழே கோடு போட்டு, தரையிலிருந்து அளந்திருக்கிறார். 29 என்பது என் மகளின் கால்!

இன்று அவளுக்கு இருபது வயது. பென்சில் கோடு அவளுக்குச் சுத்தமாக நினைவில்லை. பதிவைப் போட்டுக் காட்டினால் யாரோ ஒரு குழந்தை பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்கிறாள். நோட்டுப் புத்தகம் தனியாக இருந்தால் அது மூன்று எண். குழந்தையின் பேச்சு தனியாக இருந்தால் அது ஒரு கூச்சம். இரண்டையும் சேர்த்தால்தான் முட்டி போட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளிக்கொண்டு, பேத்தியின் காலில் கோடு போடும் கிழவர் வருகிறார். அதனால்தான் சொல்கிறேன், பொருளையும் பேச்சையும் தனித்தனி வேலையாகப் பிரிக்காதீர்கள்.

பெரியவர்களிடம் பேசும்போது வேறு ஒரு கணக்கு. மனிதர்கள் தங்கள் வாழ்க்கையில் பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவற்றைத்தான் முதுமையில் அதிகமாக நினைவு வைத்திருக்கிறார்கள் என்பது நினைவாற்றல் ஆய்வில் பலமுறை உறுதியான விஷயம். அப்பாவின் இளவயது நண்பர்கள், கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் அந்தக் காலத்தைத்தான் முதலில் கேளுங்கள். எப்போது வரையத் தொடங்கினார், யார் கேலி செய்தார்கள், யார் முதல் பெட்டி வண்ணம் வாங்கிக் கொடுத்தார்கள், எதை விட்டுவிட்டு வேலைக்குப் போனார். "விட்டுவிட்டுப் போனது" என்று ஒன்று அநேகமாக எல்லோரிடமும் இருக்கும். பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது.

இருவரை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள். அண்ணன் சொன்னதைத் தங்கை திருத்துவாள், பிறகு அண்ணன் பேச மாட்டார். தனித்தனியாகக் கேட்டு, இரண்டு பேரும் வேறு வேறாகச் சொன்னால் இரண்டையும் அப்படியே எழுதுங்கள். நினைவு என்பது அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பொருள் இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டப்படுவது என்று ஃபிரெட்ரிக் பார்ட்லெட் என்ற ஆங்கில உளவியலாளர் 1932-லேயே காட்டிவிட்டார். இரண்டு பேர் சொல்வது ஒத்துப்போகவில்லை என்றால் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று பொருள் இல்லை. அப்புறம், அவர்கள் பேசி நிறுத்தியதும் உடனே அடுத்த கேள்வியைப் போடாதீர்கள். மனசுக்குள் பத்து எண்ணுங்கள். நல்ல விஷயம் பெரும்பாலும் அந்த இடைவெளிக்குப் பிறகுதான் வரும். இந்தத் தொழிலில் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை இதுதான் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது கொஞ்சம் சங்கடமான இடம். உங்கள் அப்பாவும் உங்கள் குழந்தைகளின் தாத்தாவும் ஒரே ஆள் இல்லை. உங்களுக்கு இது தெரிந்திருக்கும், எழுதத் தயக்கமாக இருக்கும். வேலை செய்யும்போது அறைக் கதவைச் சாத்திக்கொண்டவர், "இப்ப வராதே" என்று உங்களை விரட்டியவர், பேரன் வந்து ஈர வண்ணத்தில் கை வைத்தபோது சிரித்திருப்பார். அதைப் பார்த்தபோது உங்களுக்குச் சந்தோஷமும் வந்திருக்கும், உள்ளே ஒரு முள்ளும் குத்தியிருக்கும். எத்தனையோ பிள்ளைகள் பதிவு முடிந்து, கருவியை அணைத்த பிறகுதான் இதைச் சொல்வார்கள். "எங்களுக்கு அந்தப் பொறுமை கிடைக்கவில்லை" என்பார்கள். அதைத் தொகுப்பில் எழுதுங்கள். ஒரு மனிதர் முப்பது வருடத்தில் மாறியிருக்கிறார் என்பது வாழ்க்கை வரலாற்றில் எவ்வளவு பெரிய செய்தி! படைப்பாளியோடு வாழ்ந்தவர்கள் கொடுத்த விலையும் உண்டு: சாப்பிடக் கூப்பிட்டால் வராத மனிதர், கூடம் முழுக்க மரத்தூள், வண்ணத்துக்குப் போன பணம். அம்மாவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், சிரித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசுவார்.

குறைகளை எழுதினால் பேரப்பிள்ளைகள் மனதில் தாத்தா குறைந்துவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் வருகிறது. மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 2001-இல் இருபது கேள்விகளோடு குழந்தைகளிடம் போனார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பா அம்மா எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்துக்கு வந்த பெரிய கஷ்டம் எது என்பது போன்ற கேள்விகள். குடும்பக் கதை அதிகம் தெரிந்த குழந்தைகளுக்குத் தன்மதிப்பும், தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற எண்ணமும் அதிகமாக இருந்தன. ஏறிக்கொண்டே போன கதையைவிட, ஏறி, விழுந்து, எழுந்த கதைதான் பிள்ளைகளுக்குத் தெம்பு தருகிறது என்பது டியூக்கின் கருத்து. ஒரு திருத்தமும் சொல்லிவிடுகிறேன், டியூக்கே சொன்னதுதான்: இருபது விடைகளை மனப்பாடம் செய்வித்தால் ஒன்றும் நடக்காது. அந்தக் கதைகள் வாய்க்கு வரும்படி குடும்பம் உட்கார்ந்து பேசுவதில்தான் விஷயம். அதனால் உங்கள் தொகுப்பில் விற்காத படமும், பாதியில் பிளந்த பலகையும், யாரோ நிராகரித்த கதையும் இருக்கட்டும்.

பொருட்களுக்கு வருகிறேன். அறையை இன்னும் ஒழுங்குபடுத்தவில்லை என்றால், தயவுசெய்து தொடாதீர்கள். உள்ளே போய் மேஜை, அலமாரி, இழுப்பறை எல்லாவற்றையும் இருந்தது இருந்தபடியே படம் எடுங்கள். மெதுவாக நடந்து ஒரு வீடியோவும் எடுங்கள். எந்தக் கருவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது, எது மூலையில் தூசியோடு கிடந்தது என்பதும் ஒருவகையில் அவர் கையெழுத்துதான். சுத்தம் செய்துவிட்டால் அந்தக் கையெழுத்து போய்விடும். "சீக்கிரம் காலி பண்ணிடு, அப்பதான் மனசு ஆறும்" என்று யாராவது சொல்வார்கள். இறந்தவரோடான பந்தத்தை அறுத்தால்தான் துக்கம் தீரும் என்பது பழைய கருத்து. டென்னிஸ் கிளாஸ், ஃபிலிஸ் சில்வர்மன், ஸ்டீவன் நிக்மன் என்ற துக்க ஆய்வாளர்கள் 1996-இலேயே அதை மறுத்து, பந்தம் வேறு வடிவத்தில் தொடர்வது இயல்பானதுதான் என்று எழுதிவிட்டார்கள். அவசரமே இல்லை.

அவசரமானது ஒன்றுதான், அவருடைய போன். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்படுத்தப்படாமல் கிடந்தால் அந்த நிறுவனம் பொதுவாக அதை நீக்கிவிடும். மூன்று மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். போனைத் திறக்க முடிந்தால் அவர் அனுப்பிய குரல் பதிவுகள், படங்கள் எல்லாவற்றையும் இந்த வாரமே கணினிக்கு மாற்றுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவர் குரலில் சொன்ன கதை ஏதாவது உறவினர் போனில் கிடக்கும், அவர்களிடமும் கேளுங்கள். கூகுள் கணக்குக்கு 2 வருட அவகாசம் உண்டு. எண்ணை ரத்து செய்ய மட்டும் விரைய வேண்டாம், கணக்குகளைத் திறக்கத் தேவையான ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் வரும்.

பழைய கேசட் இருந்தால், போட்டுக் கேட்பதற்கு முன் அதன் மேல் விளிம்பில் இருக்கும் இரண்டு குட்டிப் பிளாஸ்டிக் துண்டுகளை உடைத்துவிடுங்கள். பிறகு கை தவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் மேலே பதிவாகாது. முதல் முறை ஓட்டும்போதே கணினியில் பதிவு செய்யுங்கள், ஏனென்றால் நாடா நைந்திருந்தால் இரண்டாவது முறை கிடைக்காமலே போகலாம். ஒலிக் காப்பகங்கள் கேட்கும் தரம் 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு. எம்பி3 பகிர்வதற்கு மட்டும் போதும்.

ஓவியங்களில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். அப்பா எண்ணெய் வண்ணக் கட்டியால் வரைந்த ஒரு படத்தை, பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்தேன். இயந்திரத்துக்குள் போய் மறுபுறம் வந்தபோது சூட்டில் வண்ணம் உருகி, வானம் மரத்துக்குள் வழிந்திருந்தது. லேமினேஷன் திருப்பி எடுக்க முடியாத வேலை, அசலுக்கு ஒருநாளும் வேண்டாம். சட்டம் போட்டு மாட்டுவதென்றால் நகலை மாட்டுங்கள். காகித ஓவியங்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அலகு) அளவு மங்கிய வெளிச்சம்தான் வைக்கின்றன. ஜன்னலோரம் அதைவிடப் பல மடங்கு. வெளுத்த வண்ணம் திரும்பி வராது. செய்தித்தாள் துண்டுகளைப் படங்களோடு வைக்காதீர்கள், அந்தக் காகிதத்தின் அமிலம் பக்கத்தில் இருப்பதையும் பழுப்பாக்கும். புகைப்படத்தின் பின்னால் பேனாவால் எழுதாமல் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்தால் போதும், முன்பக்கத்தோடு பின்பக்கத்தையும் செய்ய மறக்காதீர்கள். அவருடைய எழுத்து அங்கேதான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில்.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பிறந்த தேதியில் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும் என்று சட்டம் இல்லை. ஒரு பொருள், அதைச் செய்த கதை, அதைப் பார்த்தவர் சொன்னது என்று ஒவ்வொன்றாக எழுதிச் சேருங்கள். பத்துப் பொருள் சேர்ந்தால் வாழ்க்கை தானாக வரிசைக்கு வந்துவிடும். தேதிகளைக் கடைசியில் ஒரு பக்கமாகப் போட்டுக்கொள்ளலாம். ஏழு வயதுப் பிள்ளை சொன்னதை நல்ல தமிழாகத் திருத்தாதீர்கள். "கூசுச்சு" என்பது "கூச்சமாக இருந்தது" ஆனால் குழந்தை போய்விடும்.

அந்த முடியாத நாற்காலியை என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். நான் முடிக்க மாட்டேன். அவர் போட்ட பென்சில் கோடுகள் தெரியும்படி படம் எடுத்து, அப்படியே வைப்பேன். எந்த இடத்தில் நிறுத்தினார், அடுத்து எதை அறுக்க இருந்தார் என்பது அதில் எழுதியே இருக்கிறது. மூத்தவன் பெரியவனாகி, கையில் ரம்பம் பிடித்து, தானே முடிக்கிறேன் என்று வந்தால் அது வேறு கதை, கொடுத்துவிடுங்கள்.

என் மகளுடைய ஸ்டூல் இப்போது என் மேஜைக்கு அடியில் இருக்கிறது, கால் வைத்துக்கொள்ள. ஒருநாள் அளவுநாடா கையில் இருந்ததால் அளந்து பார்த்தேன். மூன்று கால்கள் 27 செ.மீ. நாலாவது 26.5. அதன் அடியில், அட்டையை மடித்து ஆணி அடித்து, வெளியே தெரியாதபடி வண்ணமும் பூசி வைத்திருக்கிறார்.